மூளை என்னும் வலைப்பின்னல்

நுழையும்முன்

ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள ஓர் உறுப்பு மொழியைக் கற்கிறது. முகங்களை நினைவில் வைக்கிறது. கணக்குகளுக்கு விடை காண்கிறது. அதன் ஆற்றல் எங்கே உறைகிறது என்னும் வினாவுக்கு அறிவியல் நெடுங்காலமாக விடை தேடி வருகிறது. மூளையின் பகுதிகளைத் தனித்தனியே ஆராய்ந்ததோடு நில்லாமல், அவற்றுக்கு இடையிலான தொடர்புகளையும் அளக்கத் தொடங்கியபோது புதிய வழி புலப்பட்டது. கணிதத்தில் வேர்கொண்ட வலையமைப்பு அறிவியல், மூளையை அறிந்துகொள்ளத் துணைநிற்கும் திறத்தை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே பரிசு, இரு கொள்கைகள்

1906ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசினை அறிஞர் இருவர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் இத்தாலி நாட்டின் கமில்லோ கோல்ஜி. மற்றொருவர் ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். நரம்பு மண்டலத்தின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக இருவருக்கும் ஒரே பரிசு வழங்கப்பட்டது. எனினும், பரிசினை ஏற்று அவர்கள் ஆற்றிய உரைகள் ஒன்றையொன்று மறுத்தன. நரம்பிழைகள் யாவும் இடைவெளியின்றிக் கலந்து ஒரே வலையாக அமைந்துள்ளன என்பது கோல்ஜியின் கொள்கை. மூளை எண்ணற்ற தனித்தனிச் செல்களால் ஆனது; அச்செல்கள் நெருங்கி நிற்கின்றனவேயன்றி ஒன்றாகக் கலப்பதில்லை என்பது கஹாலின் கொள்கை.

இருவரும் கையாண்ட ஆய்வுமுறை ஒன்றே என்பது வியப்புக்குரியது. அம்முறையை 1873இல் கண்டறிந்தவர் கோல்ஜியே ஆவார். மூளைத் திசுவை முதலில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலிலும் பின்னர்ச் சில்வர் நைட்ரேட் கரைசலிலும் ஊறவைத்தபோது, அதிலுள்ள மிகச்சில செல்கள் மட்டும் அடிமுதல் நுனிவரை கருநிறம் பெற்றுத் தெளிவாகத் தெரிந்தன. அடர்ந்த காட்டில் மற்ற மரங்களெல்லாம் மறைந்து ஒருசில மரங்கள் மட்டும் கிளைகளோடு காட்சியளிப்பதைப் போன்றது அது. 1887இல் இம்முறையை அறிந்த கஹால் அதனைச் செம்மைப்படுத்தினார். நுண்ணோக்கியில் கண்டவற்றைத் தம் கையாலேயே ஓவியங்களாக வரைந்தார்.

இவ்வழக்குக்கு 1950களில் மின்னணு நுண்ணோக்கி தீர்ப்பு வழங்கியது. ஒரு நரம்புச் செல் மற்றொன்றுக்குச் செய்தியை அளிக்கும் இடம் சினாப்ஸ் எனப்படும். அங்கு ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமுள்ள இடைவெளி இருப்பது புலனாயிற்று. கஹாலின் கொள்கை உறுதிப்பட்டது. ஆயினும், மூளை ஒரு முழுமையாக இயங்குகிறது என்று கோல்ஜி எண்ணியதற்குப் பின்னால் இருந்த வினா எஞ்சி நின்றது. செல்கள் தனித்தனியானவை என்றால், அவை எவ்வாறு கூடி ஒரு நினைவாகவும் ஒரு சொல்லாகவும் இசைவான ஓர் அசைவாகவும் மாறுகின்றன?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் அவ்வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. செல்கள் இணைந்திருக்கும் முறையில்தான் விடையைத் தேட வேண்டியிருந்தது. இணைப்புகளை ஆராய்வதற்கு உரிய கணிதமோ, கோல்ஜிக்கும் கஹாலுக்கும் நெடுங்காலம் முன்பே ஆற்றுப்பாலங்களைப் பற்றிய ஒரு புதிரிலிருந்து பிறந்திருந்தது.

ஏழு பாலங்களின் புதிர்

பிரஷ்ய நாட்டில் கோனிக்ஸ்பெர்க் என்னும் நகரம் இருந்தது. இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட் நகரமாக விளங்குகிறது. பிரீகல் ஆறு அந்நகரை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து, ஏழு பாலங்களையும் நடந்து முடிக்க இயலுமா என்பது மக்களிடையே வழங்கிய புதிர்.

1735இல் கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர் இதற்கு விடை அளித்தார். நடைவழியின் நடுவில் வரும் எந்த நிலப்பகுதியானாலும், ஒரு பாலத்தின் வழியே உள்ளே வந்தவர் மற்றொரு பாலத்தின் வழியே வெளியேற வேண்டும். ஆகவே, அங்கு அமையும் பாலங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். புறப்படும் இடமும் முடிவடையும் இடமும் மட்டுமே இதற்கு விலக்காகலாம். கோனிக்ஸ்பெர்க்கிலோ ஒரு நிலப்பகுதியில் ஐந்து பாலங்களும் மற்ற மூன்றில் மும்மூன்று பாலங்களும் அமைந்திருந்தன. நான்குமே ஒற்றைப்படை. எனவே, அத்தகைய நடை இயலாது என்று ஆய்லர் நிறுவினார்.

இவ்விடைக்குப் பாலத்தின் நீளமோ ஆற்றின் அகலமோ தேவைப்படவில்லை. எது எதனோடு இணைந்துள்ளது என்பது மட்டுமே போதுமானதாக இருந்தது. ஒன்றை அதன் இணைப்புகளின் வடிவத்தைக் கொண்டே அறிய முடியும் என்னும் இக்கருத்து கணிதத்தில் புதிய துறையாக வளர்ந்தது. பொருள்களைப் புள்ளிகளாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் கொள்வது இத்துறையின் மரபு. புள்ளியைக் கணு என்றும், கோட்டை இணைப்பு என்றும் வழங்கலாம். ஊர்களும் சாலைகளும், கணினிகளும் கம்பிவடங்களும், மனிதர்களும் அவர்களது நட்பும் எனப் பலவற்றையும் இவ்விரு சொற்களால் விளக்க இயலும். நரம்புச் செல்களும் சினாப்ஸ்களும் இவ்வாறே விளக்கத்தக்கவை.

நூறு மாணவர் வட்டம்

வலையமைப்பின் தன்மையை அறிய இரண்டு அளவுகள் பெரிதும் உதவுகின்றன. அவற்றை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். விளையாட்டுத் திடலில் 100 மாணவர்கள் வட்டமாக நிற்கின்றனர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்கு இடப்புறம் நிற்கும் இருவரோடும் வலப்புறம் நிற்கும் இருவரோடும் நூலால் இணைந்துள்ளனர். நூல் வழியாகவே செய்தி செல்ல வேண்டும்.

முதல் அளவு பாதை நீளம். ஒரு மாணவரிடமிருந்து வட்டத்தின் எதிர்ப்புறத்தில் நிற்பவரை அடையச் செய்தி 50 இடங்களைக் கடக்க வேண்டும். ஒரு தாவலில் இரண்டு இடங்களுக்குமேல் செல்ல இயலாது. ஆகவே, 25 தாவல்கள் தேவைப்படும். அனைத்து இணைகளுக்கும் இவ்வாறு கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் அவ்வலையின் சராசரிப் பாதை நீளம் கிடைக்கும்.

இரண்டாம் அளவு கூட்டிணைவு. ஒருவரின் அண்டையர் தமக்குள்ளும் இணைந்துள்ளனரா என்பதை இது காட்டுகிறது. இவ்வட்டத்தில் ஒரு மாணவருக்கு அண்டையர் நால்வர். நால்வரை இருவர் இருவராகச் சேர்த்தால் ஆறு இணைகள் அமையும். அவற்றுள் மூன்று இணைகள் நூலால் பிணைந்துள்ளன. எனவே, கூட்டிணைவின் அளவு 0.5 ஆகும். அண்டையரிடையே உறவு செறிந்துள்ளது. தொலைவில் இருப்பவரை அடைவதோ கடினமாக உள்ளது.

நூல்களை எல்லாம் அவிழ்த்துக் குருட்டாம்போக்கில் யாரையேனும் யாரோடேனும் கட்டினால், நிலைமை தலைகீழாகும். எவரையும் சில தாவல்களில் அடைந்துவிடலாம். ஆனால், அண்டையரிடையே இருந்த செறிவு சிதைந்துவிடும். இவ்விரண்டின் நன்மைகளையும் ஒருங்கே பெற வழியுண்டா?

1998இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் ஆகிய இருவரும் வழியுண்டு என்று காட்டினர். வட்டத்தை அவ்வாறே விட்டுவிட்டு, ஒருசில நூல்களின் நுனியை மட்டும் அவிழ்த்துத் தொலைவிலுள்ளோரிடம் கட்டினால் போதும். அந்தச் சில நெடிய நூல்கள் குறுக்குவழிகளாகிச் சராசரிப் பாதை நீளத்தைப் பெருமளவு குறைத்துவிடுகின்றன. கூட்டிணைவோ ஏறத்தாழ அப்படியே நிலைக்கிறது. இத்தகைய வலையை அவர்கள் சிறு உலக வலை என்று அழைத்தனர். அண்டைவீட்டாரோடு நெருங்கி வாழும் ஒருவர், வெளியூர் உறவினர் ஒருவர் வழியாக எங்கோ வாழ்பவரோடும் தொடர்புகொள்ள முடிவது சிறு உலகத்தின் இயல்பே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

100 மாணவர்களும் ஒருவரோடொருவர் நேரடியாக இணைய வேண்டுமெனில் 4,950 நூல்கள் தேவைப்படும். மேற்கண்ட வட்டத்துக்கோ 200 நூல்களே போதும். சிறு உலக வலை அதே 200 நூல்களைக் கொண்டு செய்தியை விரைவாகக் கொண்டு சேர்க்கிறது.

புழுவில் கிடைத்த சான்று

வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் தம் கருத்தை மூன்று உண்மையான வலைகளில் சோதித்தனர். திரைப்பட நடிகர்களின் கூட்டுப்பணி வலை ஒன்று; அமெரிக்காவின் மேற்குப் பகுதி மின்வழங்கல் வலை மற்றொன்று; மூன்றாவது, ஒரு புழுவின் நரம்பு மண்டலம்.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் அப்புழு மண்ணில் வாழ்வது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் உடலில் உள்ள நரம்புச் செல்கள் 302 மட்டுமே. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சிட்னி பிரென்னர், ஜான் ஒயிட், எய்லீன் சவுத்கேட், நிக்கல் தாம்சன் ஆகியோர் இப்புழுவை மிக மெல்லிய துண்டுகளாகச் சீவி, மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தனர். ஒரு படத்தில் தெரியும் நரம்பிழையை அடுத்த படத்தில் தேடி, அதனை அதற்கடுத்த படத்தில் தொடர்ந்து, எந்தச் செல் எந்தச் செல்லோடு இணைகிறது என்று பொறுமையுடன் குறித்தனர். பல ஆண்டு உழைப்பின் பயனாக 1986இல் அவ்விணைப்புகளின் விவரம் 340 பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. ஓர் உயிரியின் நரம்பு மண்டலம் முழுமைக்கும் ஏறத்தாழ நிறைவான இணைப்பு வரைபடம் கிடைத்தது அதுவே முதன்முறை.

அவ்வரைபடத்தின் 302 செல்களுள் தொண்டைப் பகுதிக்குரிய 20 செல்கள் நீங்கலாக 282 செல்களை வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் கணக்கில் கொண்டனர். சராசரிப் பாதை நீளம் 2.65 என அமைந்தது. அதே அளவு கணுக்களையும் இணைப்புகளையும் குருட்டாம்போக்கில் இணைத்திருந்தால் 2.25 என அமைந்திருக்கும். இரண்டிற்கும் பெரிய வேறுபாடில்லை. கூட்டிணைவோ புழுவில் 0.28, குருட்டு வலையில் 0.05 மட்டுமே. குறுகிய பாதை, செறிந்த அண்டைமை ஆகிய இரண்டும் ஒருங்கே பெற்ற சிறு உலகமாக அப்புழுவின் நரம்பு வலை விளங்கியது.

மனித மூளையின் நெடுஞ்சாலைகள்

உயிருள்ள மனிதரின் மூளையைப் புழுவைப்போல் சீவி ஆராய இயலாது. இதற்கு எம்.ஆர்.ஐ. கருவி மாற்றுவழி காட்டியது. மூளையின் தொலைதூரப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் கற்றைகளாக ஓடுகின்றன. அவற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் இழையின் போக்கில் எளிதாகவும், அதற்குக் குறுக்கே அரிதாகவும் நகர்கின்றன. நீரின் இந்நகர்வை எம்.ஆர்.ஐ. கருவியால் அளந்து, கற்றைகள் ஓடும் திசையைக் கணிக்கலாம். இங்கு ஒரு கணு என்பது ஒரு செல் அன்று. இலட்சக்கணக்கான செல்களைக் கொண்ட மூளைப்பகுதி. ஓர் இணைப்பு என்பதும் ஒரு சினாப்ஸ் அன்று. அப்பகுதிகளை இணைக்கும் நரம்புக்கற்றை. தெருக்கள் தெரியாமல் நெடுஞ்சாலைகள் மட்டும் தெரியும் நாட்டு வரைபடத்தோடு இதனை ஒப்பிடலாம்.

ஓர் உயிரியின் மரபுத்தகவல் முழுவதையும் ஜீனோம் என்பதுபோல, நரம்பு இணைப்புகள் முழுவதையும் கனெக்டோம் என்று அழைக்கும் வழக்கம் 2005இல் தோன்றியது. ஓலாஃப் ஸ்போர்ன்ஸும் அவர்தம் குழுவினரும், அவர்களைச் சாராமல் தனியே ஆராய்ந்த பாட்ரிக் ஹாக்மனும் இச்சொல்லை முன்மொழிந்தனர்.

சாலை இருப்பது ஒன்று. அதில் வண்டிகள் ஓடுவது மற்றொன்று. அவ்வோட்டத்தை அறிய வேறொரு முறை உதவியது. மூளையின் ஒரு பகுதி செயல்படும்போது அங்குக் குருதியோட்டமும் ஆக்சிஜன் அளவும் மாறுகின்றன. இம்மாற்றத்தை எம்.ஆர்.ஐ. வழியே தொடர்ந்து பதிவு செய்யலாம். 1995இல் பரத் பிஸ்வாலும் உடன் ஆய்வாளர்களும், எவ்வேலையும் செய்யாமல் ஓய்வாகப் படுத்திருந்தோரின் மூளையை இவ்வாறு பதிவு செய்தனர். இடக்கையை இயக்கும் பகுதியிலும் வலக்கையை இயக்கும் பகுதியிலும் தோன்றிய மெல்லிய ஏற்றத்தாழ்வுகள் ஒன்றோடொன்று இசைந்து சென்றன. கைகள் அசையாதிருந்தபோதும் அவற்றுக்குரிய பகுதிகள் தொடர்பிலேயே இருந்தன. இவ்வாறு சேர்ந்து ஏறி இறங்கும் உறவு செயல்சார் இணைப்பு எனப்படுகிறது. நரம்புக்கற்றைகளால் அமைவது கட்டமைப்பு இணைப்பு எனப்படுகிறது.

இருவகை வரைபடங்களும் ஒரே அடிப்படை அமைப்பைக் காட்டின. மனித மூளை பல குழுமங்களாகப் பிரிந்துள்ளது. பார்வைக்குரிய பகுதிகள் தமக்குள் செறிந்து இணைந்துள்ளன; அசைவுக்குரிய பகுதிகளும் அவ்வாறே. குழுமங்களுக்கு இடையே செல்லும் நெடிய கற்றைகள் குறைவு. சுருங்கக் கூறின், மனித மூளையும் ஒரு சிறு உலகமே.

சிக்கனமும் விரைவும்

இவ்வமைப்பின் தேவை என்ன? மூளை உடல் எடையில் 2 விழுக்காடே உடையது. எனினும், ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது பயன்படுத்துகிறது. நெடிய நரம்பிழை ஒன்றை வளர்க்கவும் காக்கவும் இடமும் ஆற்றலும் தேவை. அனைத்தையும் அனைத்தோடும் நெடிய இழைகளால் இணைத்தால் மண்டையோட்டில் இடம் போதாது. குறுகிய இழைகளை மட்டுமே கொண்டால் செய்தி சென்று சேரக் காலம் மிகுதியாகும். நரம்புச் செல்களின் அமைப்பில் இடம், காலம், பொருள் ஆகிய மூன்றிலும் சிக்கனம் விளங்குவதைக் கஹால் அந்நாளிலேயே சுட்டிக்காட்டியிருந்தார். பெரும்பாலும் குறுகிய இணைப்புகள், தேவையான அளவுக்கு மட்டும் நெடிய இணைப்புகள் என்னும் சிறு உலக அமைப்பு இச்சிக்கனத்தையும் விரைவையும் ஒருங்கே அளிக்கிறது.

நெடிய இணைப்புகள் எல்லாக் கணுக்களுக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பல தடங்கள் கூடும் இரயில் சந்திப்புகளைப்போல் ஒருசில பகுதிகளில் இணைப்புகள் மிகுந்துள்ளன. அவற்றை மையக்கணுக்கள் எனலாம். 2011இல் மார்ட்டைன் வான் டென் ஹூவலும் ஓலாஃப் ஸ்போர்ன்ஸும் மற்றோர் உண்மையைக் கண்டறிந்தனர். இம்மையக்கணுக்கள் மற்றவற்றோடு மிகுதியாக இணைந்திருப்பதோடு, தமக்குள்ளும் எதிர்பார்ப்பை விஞ்சிய அளவில் பிணைந்துள்ளன. செல்வர்கள் தமக்குள் கூடி அமைக்கும் சங்கத்தைப் போன்றிருப்பதால் இது செல்வர் சங்க அமைப்பு எனப்பட்டது. இரு அரைக்கோளங்களிலும் சேர்த்து அவர்கள் காட்டிய 12 பகுதிகளுள் தாலமஸ், ஹிப்போகேம்பஸ் முதலியன அடங்கும்.

வலிமையே நலிவாகும் இடம்

மையக்கணுக்கள் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. சிற்றூர் ஒன்றின் நிறுத்தம் மூடப்பட்டால் அவ்வூரார் மட்டுமே இடர்ப்படுவர். பெருஞ்சந்திப்பு மூடப்பட்டால் பல மாவட்டங்களின் பயணமும் தடைப்படும். 2000ஆம் ஆண்டில் ரேகா ஆல்பர்ட், ஹாவூங் ஜியாங், ஆல்பர்ட் லாஸ்லோ பராபாசி ஆகியோர் இதனைக் கணினிவழி நிறுவினர். ஒருசில கணுக்களில் இணைப்புகள் மிகக் குவிந்துள்ள வலையிலிருந்து கணுக்களைக் குருட்டாம்போக்கில் நீக்கினால் அது எளிதில் சிதைவதில்லை. இணைப்பு மிகுந்த கணுக்களைத் தேடி நீக்கினாலோ விரைவில் துண்டு துண்டாகிறது.

மூளை நோய்களிலும் இதன் சாயலைக் காண முடிகிறது. அல்சைமர் நோயில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படிகிறது. 2009இல் ராண்டி பக்னரும் குழுவினரும், அப்படிவு மிகுந்துள்ள இடங்களையும் மையக்கணுக்களின் இடங்களையும் ஒப்பிட்டனர். இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. ஓயாமல் உழைக்கும் பகுதிகளே நோய்க்கு எளிதில் ஆட்படக்கூடும் என்னும் கருத்து இதனால் எழுந்தது. நினைவை இழப்பது, வழி மறப்பது, சொல் தடுமாறுவது எனப் பல திறன்கள் அந்நோயில் அடுத்தடுத்துக் குன்றுவதை ஒரு வலையின் சந்திப்புகள் பழுதுபடுவதாகக் கொண்டு விளங்கிக்கொள்ள இயல்கிறது.

கணுக்கள் நலமாக இருந்தும் இணைப்பு அறுந்தால் என்னாகும்? 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதனை ஆராய்ந்தார். பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியும் பேச்சை உருவாக்கும் பகுதியும் மூளையின் வெவ்வேறு இடங்களில் உள்ளன. இரண்டும் நலமாக இருக்க, இடையிலுள்ள இணைப்பு மட்டும் பழுதுபட்டால் தனிவகைப் பேச்சுக்குறை தோன்றும் என்று அவர் கணித்தார். பிறர் பேசுவது புரிகிறது. தாமும் தடையின்றிப் பேச முடிகிறது. ஆனால், கேட்ட தொடரைத் திருப்பிச் சொல்ல முடிவதில்லை. அத்தகைய குறையுடையோர் பின்னர் மருத்துவர்களால் அறியப்பட்டனர்.

இதனினும் வியப்பான சான்று வலிப்புநோய் மருத்துவத்தில் கிடைத்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு ஓர் அரைக்கோளத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுக்க, இரண்டையும் இணைக்கும் பெருங்கற்றையை அறுவை செய்து துண்டித்தனர். கார்பஸ் கலோசம் எனப்படும் அக்கற்றையில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் உள்ளன. அறுவை முடிந்தோர் நடந்தனர், பேசினர், அன்றாடப் பணிகளைச் செய்தனர். ஆனால், ரோஜர் ஸ்பெரியும் அவர்தம் மாணவர் மைக்கேல் கசானிகாவும் நடத்திய நுட்பமான சோதனைகள் வேறோர் உண்மையைக் காட்டின. பார்வைப் புலத்தின் இடப்பாதியில் ஒரு பொருளின் படத்தைக் காட்டினால் அச்செய்தி வலது அரைக்கோளத்தை அடையும். பேசும் திறனோ பெரும்பாலோர்க்கு இடது அரைக்கோளத்தில் உள்ளது. எனவே, அவர்கள் எதையும் காணவில்லை என்றே கூறினர். அதே வேளையில், வலது அரைக்கோளம் இயக்கும் அவர்களது இடக்கை, மறைவில் வைத்திருந்த பொருள்களைத் தடவிப் பார்த்து உரிய பொருளைச் சரியாக எடுத்தது. கண்டதை அறிந்த பகுதிக்கும் அதனைச் சொல்லவல்ல பகுதிக்கும் இடையில் பாலம் இல்லை. இவ்வாய்வுகளுக்காக ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வரைபடத்தின் எல்லை

இணைப்பு வரைபடம் கையில் இருந்தால் மூளையை முற்றும் அறிந்துவிடலாம் என்று கருதுவது பிழை. புழுவின் வரைபடம் 1986இலேயே கிடைத்தது. எனினும், அப்புழு அடுத்த நொடியில் என்ன செய்யும் என்பதை அவ்வரைபடத்தைக் கொண்டு மட்டும் முழுமையாகக் கூற இயலவில்லை. நண்டு, சிங்கி இறால் முதலியவற்றின் வயிற்றை இயக்கும் நரம்புத்தொகுதியில் ஏறத்தாழ 30 செல்களே உள்ளன. ஈவ் மார்டர் முதலிய அறிஞர்கள் அதனைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். இணைப்புகள் மாறாதிருக்க, அத்தொகுதியில் பரவும் வேதிப்பொருள் மாறினால் அது எழுப்பும் இயக்கத்தாளமும் மாறுவதை அவர்கள் கண்டனர். வீணையின் நரம்புகள் அவையே ஆயினும் பண்கள் பலவாதல் போன்றது இது. எங்கெங்குச் செல்ல இயலும் என்பதை வரைபடம் காட்டும்; எப்போது, எதற்காகச் செல்கிறது என்பதை வேறு ஆய்வுகளே காட்ட வேண்டும்.

எனினும், வரைபடம் இன்றி அவ்வாய்வுகள் தொடங்கவும் இயலா. ஆகவேதான் மேன்மேலும் நுண்மையான வரைபடங்கள் உருவாக்கப்படுகின்றன. 2024 அக்டோபரில் முதிர்ந்த பழ ஈ ஒன்றின் மூளை இணைப்புகள் முழுமையாக வெளியிடப்பட்டன. அதில் 1,39,255 நரம்புச் செல்களும் 5 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்களும் குறிக்கப்பட்டுள்ளன. செயற்கை நுண்ணறிவு தொடர்ந்து வரைந்த இழைகளில் நேர்ந்த பிழைகளை அறிவியலாளரும் தன்னார்வலரும் திருத்தினர். அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுள் நிறுவனமும் இணைந்து, மனித மூளைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள பகுதியை வரைந்தன. அச்சிறு துணுக்கிலேயே ஏறத்தாழ 57,000 செல்களும் 15 கோடி சினாப்ஸ்களும் இருந்தன.

சாலைகளை வரையுமுன் ஊர்களின் இருப்பிடம் தெரிய வேண்டும். மனித மூளையின் செல்கள் எங்கெங்கு எவ்வாறு அமைந்துள்ளன என்பதைப் படமாக்கும் பணியைச் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மேற்கொண்டுள்ளது. 2024 டிசம்பரில் அம்மையம், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை அமைப்பைக் காட்டும் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெட்டுப்பகுதிகளின் முப்பரிமாணப் படத்தொகுப்பை வெளியிட்டது. உலகின் எந்நாட்டு ஆய்வாளரும் அதனைப் பயன்படுத்தலாம்.

வளர்ந்துகொண்டே இருக்கும் வலை

கோனிக்ஸ்பெர்க்கின் பாலங்கள் கல்லாலும் மரத்தாலும் ஆனவை. நடப்பவரின் காலடி அவற்றின் எண்ணிக்கையை மாற்றுவதில்லை. மூளையின் பாலங்கள் அத்தகையன அல்ல. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் வித்தையைச் சிலருக்கு ஆறு வாரம் பயிற்றினர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டபோது, கண்ணையும் கையையும் இசைவிக்கும் பகுதியின் நரம்புக்கற்றைகளில் மாற்றம் தெரிந்தது. பயிற்சி பெற்றோர் அனைவரும் வளர்ந்த பெரியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வளரிளம் பருவத்தில் இம்மாற்றம் இன்னும் மிகுதி. குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு மேற்பட்ட சினாப்ஸ்களை உருவாக்கிக்கொள்கிறது. பின்னர்ப் பயன்படாதவை நீக்கப்பட்டுப் பயன்படுபவை வலுப்பெறுகின்றன. நெடிய நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை படிய, அவற்றில் செய்தி விரைந்து செல்கிறது. திட்டமிடுதலுக்கும் தன்னைக் கட்டுப்படுத்துதலுக்கும் உரிய நெற்றிப்பகுதியின் இணைப்புகள் இருபது வயதைக் கடந்தும் முதிர்ச்சி பெறுகின்றன. பதினாறு வயது மாணவரின் மூளை வரைந்து முடிக்கப்பட்ட வரைபடம் அன்று. சாலைகள் இன்னும் அமைக்கப்பட்டுவரும் நாடு.

செல்கள் தனித்தனியானவை என்ற கஹாலின் கூற்று மெய்யாயிற்று. அவை ஒரு முழுமையாகவே இயங்குகின்றன என்ற கோல்ஜியின் உள்ளுணர்வும் வேறொரு பொருளில் மெய்யாயிற்று. 1906இல் ஒன்றையொன்று மறுத்து நின்ற இரு கருத்துகளும், தனிக்கணுக்களால் ஆன வலை என்னும் ஒரே விளக்கத்தில் இன்று அருகருகே இடம்பெற்றுள்ளன.

கற்பவை கற்றபின்...

1. வகுப்பு மாணவர்கள் வட்டமாக நின்று, அண்டையில் உள்ள நால்வரோடு நூலால் இணைக. எதிர்ப்புறம் நிற்பவரைச் செய்தி அடையத் தேவையான தாவல்களை எண்ணுக. பின்னர், மூன்று நூல்களை மட்டும் தொலைவில் உள்ளோரிடம் மாற்றிக் கட்டி மீண்டும் எண்ணுக. இரண்டையும் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரின் பேருந்து வழித்தடங்களைக் கணுக்களாகவும் இணைப்புகளாகவும் வரைக. மையக்கணு எது? அது ஒருநாள் செயல்படாவிட்டால் நேரும் விளைவுகளைப் பட்டியலிடுக.

3. ‘இணைப்பு வரைபடம் மட்டும் போதுமா?’ என்னும் தலைப்பில், பாடக்கருத்துகளைச் சான்றுகளாகக் கொண்டு ஒருபக்கக் கட்டுரை எழுதுக.